மரைக்கொம்பு சுவரேறிய கதை

அப்புத்தளை, பண்டாரவளை, பசறைப் பக்கத்துப் பழைய தோட்டப் பங்களாக்களில், கணப்படுப்புக்கு மேலேயோ விறாந்தைச் சுவரிலோ மரைக்கொம்பு மாட்டியிருப்பதை மலையகத்தில் வேலை பார்த்தவர்கள் கண்டிருப்பார்கள். மெழுகேற்றிய ஒரு பலகை, அதில் ஒரு சோடிக் கொம்பு, கொம்புக்கு மூன்று முனை. வருகிற விருந்தாளி முனையை எண்ணுவார், நீளத்தை மெச்சுவார். கொம்பின் கதை தெரிய வேண்டுமென்றால் அதன் அடியைப் பார்க்க வேண்டும். அடியில் முத்து முத்தாகச் சொரசொரத்த ஒரு வளையமும், அதற்குக் கீழே சற்றே புடைத்த கரடுமுரடான முகமும் இருந்தால், அது காட்டில் தானாக விழுந்த கொம்பு. மரை அதன்பிறகும் உயிரோடு மேய்ந்திருக்கும். இரண்டு கொம்பையும் சேர்த்துப் பிடித்தபடி வெளிறிய எலும்புத் துண்டு ஒன்று நடுவில் இருந்தால், அது மண்டையோட்டின் நெற்றிப் பகுதி. மரையைக் கொன்று, தலையை வெட்டி, சதை கழலும்வரை வேகவைத்து, கண்குழிக்கு மேலாக வாளால் அறுத்துச் செய்தது. பங்களாச் சுவர்களுக்காகவே செய்யப்பட்டது இந்த இரண்டாவது வகை.

இவை இரண்டும் எப்படிப் பிறக்கின்றன என்பது இரண்டு தனிக் கதைகள். ஒன்று உடம்பின் கதை. மற்றது ஊவாவின் கதை.

உடம்பின் கதை அதிசயமானது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இருக்கும் கொம்பு, உள்ளே எலும்பும் வெளியே நகத்தை ஒத்த உறையுமாகச் சாகும்வரை தலையிலேயே இருக்கும். சிவன் கையில் காட்டப்படும் இரலையின் முறுக்குக் கொம்பும் அந்த இனந்தான். மரைக்கும் புள்ளிமானுக்கும் அப்படியில்லை. அவற்றின் கொம்பு முழுக்க முழுக்க எலும்பு. ஆணுக்கு மட்டும் முளைக்கும், முற்றும், உதிரும், திரும்ப முளைக்கும். நெற்றி எலும்பில் இரண்டு மேடுகள் உண்டு. அவற்றின் மேல் மென்மயிர் படர்ந்த ஒரு தோல் கிளம்பி, அதற்குள்ளே எலும்பு வளரும். அந்தத் தோலில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்திருக்கும். தொட்டால் கதகதப்பாக இருக்கும். கீறினால் இரத்தம் பீறிடும். அந்த நாட்களில் கலைமரை சண்டைக்குப் போகாது, கொம்பு கிளையில் படாதபடி ஒதுங்கி நடக்கும். எலும்பு இறுகியதும் தோலுக்கு இரத்தம் நின்று போகிறது. தோல் காய்ந்து நார் நாராகக் கிழிய, மரை மரத்தில் கொம்பை உரசி உரசி அதைக் களைந்துவிடும். காட்டில் ஆளுயரத்துக்குக் கீழே பட்டை உரிந்து நிற்கும் மரங்களைக் கண்டால் அது மரை கொம்பு தீட்டிய இடம். பிறகு சண்டைக் காலம், இணை சேரும் காலம். அதுவும் ஓய்ந்து ஆண்மைச் சுரப்பு குறையும்போது, மேட்டுக்கும் கொம்புக்கும் இடையிலான எலும்பை உடம்பே கரைக்கத் தொடங்குகிறது. ஒருநாள் மேய்ந்துகொண்டிருக்கையில் கொம்பு கழன்று விழும். மற்றதும் அதிக நாள் தாங்காது. விழுந்த இடத்துப் புண் ஆறி, அதே மேட்டில் அடுத்தது முளைக்கும். குளிர்நாட்டு மான்கள் பருவம் தவறாமல் ஒரே காலத்தில் கொம்பு உதிர்க்கும். வெப்பநாட்டு மரைக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், ஒரே மாதத்தில் ஒன்று கொம்பில்லாமலும் ஒன்று இளங்கொம்போடும் இன்னொன்று முற்றிய கொம்போடும் திரிவதைக் காணலாம்.

இத்தனை கொம்பு விழுந்தும் காட்டில் நடப்பவர்கள் காலில் ஏன் அவை அடிக்கடி தட்டுப்படுவதில்லை? முள்ளம்பன்றி தின்றுவிடுகிறது. சுண்ணாம்புச் சத்துக்காக அது கொம்பை இரவிரவாகக் கொறிக்கும். சில வேளை மரையே தன் இனத்தின் கொம்பை மெல்லும். மலைமண்ணில் சுண்ணாம்பு குறைவு. கிடைப்பதை எந்த விலங்கும் விடுவதில்லை.

இந்தக் கொம்பு சுவரில் ஏறி இருநூறு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னும் ஊவாவில் மரை வேட்டை இருந்தது, மரை பற்றிய கதை இருந்தது, மரையின் பெயரால் வழிபாடும் இருந்தது. கொம்பை அலங்காரமாக மாட்டும் வழக்கந்தான் இருக்கவில்லை.

பதுளை மாவட்டத்தின் கீழ்ப்புறம், மஹியங்கனைக்கு அப்பால் தம்பானை இருக்கிறது. வேடர்களின் ஊர். கண்டி அரசனிடம் பத்தொன்பது வருடம் சிறையிருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் வேடர்களைப் பற்றி எழுதிய இரண்டு செய்திகள் மறக்க முடியாதவை. ஒன்று, அவர்கள் வேட்டை இறைச்சியை மரப்பொந்துக்குள் தேனில் ஊறவைத்து மூடி, தேவைப்படும்போது எடுத்துத் தின்பார்கள் என்பது. மற்றது, அம்பு வேண்டுமானால் இரவில் கொல்லன் பட்டறைக்கு வந்து, இறைச்சியைத் தொங்கவிட்டு, தங்களுக்கு வேண்டிய அம்பின் வடிவில் ஓர் இலையை வெட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது. ஒரு சொல் பேசாமல் நடந்த பண்டமாற்று. கொல்லன் அந்த இலையின் அளவுக்கு அம்பு அடித்து வைப்பான். விலங்கின் உடலுக்கு அங்கே விலை இருந்தது. கொம்பின் நீளத்துக்கு விலை இல்லை.

செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய ஆய்வு நூலில் கந்தே யக்கா என்ற தெய்வத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் பெரும் வேடனாக வாழ்ந்து, இறந்தபின் தெய்வமானவன். மரை வேட்டை வாய்க்க அவனை அழைப்பார்கள். அவன் இறங்கியவர் ஆடும் ஆட்டம் வேட்டையையே நடித்துக் காட்டும். குனிந்து குளம்படி தேடுவார், அடி போன திசையைப் பார்ப்பார், வில்லை வளைப்பார். வேட்டை கிடைத்தால் அதில் ஒரு பங்கு அவனுக்கு. இந்த ஆட்டத்தின் சிறப்பு குளம்படியில் இருக்கிறது. மரை அங்கே இல்லாமலே மரையைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் கலை அது.

அதே ஊவா மாகாணத்தின் தென்கோடியில் கதிர்காமம். வள்ளி மானுக்குப் பிறந்தவள் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் தவமுனிவர் ஒருவரின் பார்வையால் மான் ஒன்று கருக்கொள்கிறது. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் பிள்ளையை ஈன்று, பிறந்தது மனிதக் குழந்தை என்று கண்டதும் மிரண்டு ஓடிவிடுகிறது. வேடர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்க்கிறான். தமிழ்நாட்டில் வேலூர்ப் பக்கத்து வள்ளிமலையை அந்த இடம் என்பார்கள். இலங்கையில் கதிர்காமத்தையே சொல்வார்கள். வேடர்கள் வள்ளியைத் தங்கள் குலத்துப் பெண் என்று இன்றும் உரிமை கொண்டாடுகிறார்கள். ஆடித் திருவிழாவில் ஒவ்வோர் இரவும் கதிர்காமத்தானின் பேழை யானைமேல் ஏறிப் புறப்படும்போது போய்ச் சேரும் இடம் எதிரே இருக்கும் வள்ளியம்மன் கோயில். முழுத் திருவிழாவும் மானின் மகளைத் தேடிப் போகும் ஊர்வலம் என்று சொன்னால் மிகையில்லை. பதுளைத் தோட்டங்களிலிருந்து வெல்லவாய, புத்தல வழியாகக் கதிர்காமத்துக்கு இறங்கும் அடியார்களுக்கு அந்த மான் தெய்வத்தின் தாய். நான் எந்தக் கொம்பைப் பார்த்தாலும் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கிழங்குக் குழிதான். பிள்ளையைப் பெற்ற மானுக்குக் கொம்பு கிடையாது என்பதும் கூடவே நினைவுக்கு வரும்.

கொம்போடு பிறந்த பிள்ளையும் நம் கதைகளில் உண்டு. விபாண்டக முனிவரின் மகன் ரிஷ்யசிருங்கர், கம்பர் கலைக்கோட்டு முனி என்று அழைப்பவர். மான் வயிற்றில் பிறந்து தலையில் கொம்போடு வளர்ந்தவர். அவர் கால் பட்ட நாட்டில் மழை பெய்தது. அவர் நடத்திய வேள்வியால் தசரதனுக்குப் பிள்ளைகள் பிறந்தன. மழையும் பிள்ளைப்பேறும் கொம்போடு சேர்த்து நினைக்கப்பட்டன. உதிர்ந்து உதிர்ந்து முளைக்கும் ஒன்றைப் பார்த்தவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. உலகத்தின் வேறு மூலைகளிலும் அப்படியே நினைத்தார்கள். இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் ஸ்டார் கார் என்ற இடத்தில் 11,000 ஆண்டுகளுக்கு முந்திய மான் மண்டையோடுகள் கிடைத்தன. கொம்பின் பாரத்தைக் குறைத்து, எலும்பில் துளையிட்டு, மனிதர் தலையில் அணியத்தக்கதாகச் செதுக்கியவை. சுவரில் ஏறுவதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகள் முன்பே கொம்பு மனிதன் தலையில் ஏறி ஆடியிருக்கிறது.

தமிழ்ச் சிற்பியும் இலங்கைச் சித்திரக்காரரும் மானை எப்போதும் முழுதாகவே காட்டினார்கள். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். ஆயிரத்து முந்நூறு வருடமாக அந்தத் தினவு தீரவில்லை. சோமாஸ்கந்தரின் கையில் மான் உயிரோடு துள்ளும். தட்சிணாமூர்த்தியின் காலடியில் மான் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும். இலங்கை விகாரைச் சுவர்களில் அடிக்கடி தீட்டப்படுவது மிகிந்தலைக் காட்சி. அரசன் தேவநம்பிய தீசன் வேட்டைக்குப் போகிறான். மரை ஒன்று மேய்கிறது. அறியாமல் மேயும் விலங்கை எய்வது முறையல்ல என்று நாணைச் சுண்டி ஒலி எழுப்புகிறான். மரை ஓட, அவன் துரத்த, அது மகிந்த தேரர் நிற்கும் இடத்துக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மறைகிறது. மலைத் தெய்வமே மரை உருவில் வந்தது என்கிறது மகாவம்சம். ஐரோப்பாவில் இதற்கு ஓர் இணை இருக்கிறது. புனித யூஸ்தாசு, புனித ஹூபர்ட் இருவரும் வேட்டையில் துரத்திய மானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவையைக் கண்டு மனம் மாறினார்கள் என்ற கதை. துரத்துகிறவனை மான் அழைத்துப் போகிறது என்ற கற்பனை இரண்டு கண்டத்திலும் ஒரே மாதிரி வேர்விட்டிருக்கிறது. பதுளையின் முதியங்கன விகாரைக்குப் பொசன் நாளில் போகிறவர்களுக்கும், பண்டாரவளையில் தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கும் இந்த ஒரே கதைதான் இரண்டு உடையில் சொல்லப்படுகிறது.

அந்த ஐரோப்பாவிலேதான் கொம்பு சுவரேறியது. வேட்டைக் காடு அரசனுக்கும் பிரபுவுக்கும் மட்டும் உரியதாக இருந்த நாடுகளில், மண்டபத்தில் தொங்கும் கொம்பு அந்த உரிமைக்குச் சாட்சிப் பத்திரம். ஜெர்மானியக் கோட்டைகளில் கொம்பிலே சரவிளக்கு செய்தார்கள். ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரே 1513இல் அப்படியொரு விளக்குக்குப் படம் வரைந்து கொடுத்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த ஆசை இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளையும் பிடித்தது. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் மான்கொம்பு நாற்காலிகளைக் கூட்டம் வந்து பார்த்தது. அதே ஆண்டில் எட்வின் லான்ட்சியர் ஸ்கொட்லாந்து மலைமுகட்டில் கொம்பை விரித்து நிற்கும் கலைமானை வரைந்தார். மறுவருடம் விக்டோரியா அரசியின் குடும்பம் பல்மோரல் மாளிகையை வாங்கி, மான் வேட்டையை அரச குடும்பத்தின் வழக்கமாகவே ஆக்கியது. இலங்கை மலைக்குக் கோப்பி போட வந்த ஸ்கொட்லாந்து இளைஞர்கள் மனத்தில் இந்தச் சுவர்தான் இருந்தது. ஊரில் ஏழை வீட்டுப் பிள்ளை காணி உள்ளவனின் கொம்பை அண்ணாந்து பார்த்திருப்பான். இங்கே அவனுக்கே ஒரு மலை, ஒரு பங்களா, ஒரு சுவர் கிடைத்தது.

மலை எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1817, 1818இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஊர்களை எரித்தும் வயல்களை அழித்தும் அடக்கினார்கள். 1840இன் முடிக்குரிய காணிகள் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையெல்லாம் அரசுக்குச் சேர்த்தது. அரசு அதைத் தோட்டக்காரர்களுக்கு விற்றது. மரைகள் மேய்ந்த காடும் பத்தனைப் புல்வெளியும் அந்த விற்பனையில் சேர்ந்தவை.

அக்காலப் பதுளையில் வேட்டையும் நிர்வாகமும் ஒரே ஆளிடம் இருந்தன. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், இலங்கைத் துப்பாக்கிப் படையின் அதிகாரி, பதுளையின் உதவி அரசாங்க அதிபர், நீதிபதி. 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று சொல்லப்படுகிறது. 1845 யூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். கல்லறை நுவரெலியாவில். பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. யானையைக் கொன்ற பாவத்துக்கு வானம் தந்த தண்டனை என்று பதுளையில் சிங்களவரும் தமிழரும் பல தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்தத் தேவாலயத்தைக் கடந்து போகும் எவருக்கும் அது வெறும் கட்டடமாகத் தெரியாது.

மரை வேட்டைக்கு முழு வடிவம் கொடுத்தவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் மூலம் தேடிப் போய்ப் புகழ் பெற்றவர். 1848இல் நுவரெலியாவில் பண்ணை வைத்துக் குடியேறி, இங்கிலாந்து வேட்டை நாய்களை வளர்த்து, ஹோட்டன் சமவெளியிலும் அதைச் சுற்றிய காடுகளிலும் மரைகளைத் துரத்தினார். துப்பாக்கியைத் தவிர்த்துவிட்டு, நாய்கள் மரையை ஓடவிட்டு ஓடையில் மடக்கியதும் நேரே இறங்கிக் கத்தியால் குத்துவதைப் பெருமையாகக் கருதினார். 1854இல் வெளிவந்த அவருடைய இலங்கை வேட்டை நூல், தோட்டத்துரைமாருக்குப் பாடப்புத்தகம் ஆனது. நாய்க்கூட்டம் வைத்திருப்பது நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று ஒரு காலம் வந்தது.

அந்த நூலில் நாய்களுக்குப் பெயர் உண்டு. ஸ்மட் என்ற நாயின் வீரம், கில்பக் என்ற நாயின் பாய்ச்சல், ஒவ்வொன்றின் குலம், குணம், சாவு எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பள்ளத்தாக்கின் அடியில் விழுந்த ஒரு மரையை மேட்டுக்குத் தூக்கி வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கூலி என்ற ஒரே பெயர்தான். வளர்ந்த கலைமரை 200 கிலோவுக்குக் குறையாது. ஓடைக்குள் இறங்கி, வழுக்குப் பாறையில் கால் வைத்து, அதைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து ஏறுவதை எண்ணிப் பாருங்கள். பிறகு தோலுரிக்க வேண்டும், தலையை வேகவைக்க வேண்டும், எலும்பை அறுத்துச் சுரண்டி வெயிலில் வெளுக்க வைக்க வேண்டும், பலகை இழைக்க வேண்டும், ஆணியறைந்து மாட்ட வேண்டும், பிறகு ஒவ்வொரு வாரமும் தூசு தட்ட வேண்டும். பலகையில் வெள்ளிப் பட்டயம் பதித்தார்கள் என்றால் அதில் சுட்டவர் பெயரும் திகதியும் இருக்கும்.

சுமந்தவர்களின் பெயர் இல்லாத இந்தக் குறை என்னை வெகுநாளாக உறுத்துகிறது. அதே ஆண்டுகளில்தான் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைச் சீமையிலிருந்து ஆட்கள் மன்னாரில் இறங்கி மாத்தளைக் காட்டுவழியே நடந்து மலையேறினார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். தப்பி வந்தவர்கள் கோப்பிக் காட்டை வெட்டித் துப்புரவாக்கினார்கள். சங்கப் பாடல்களில் மரை நெல்லிக்காய் தின்னும். ஊவாவின் பிபிலை, நீலகலைப் பக்கத்துத் திறந்த காடுகளில் நெல்லியும் கடுக்காயும் தான்றியும் இன்றும் செறிந்து நிற்கின்றன. அங்கே மரை நெல்லிக்காய் தின்கிறது. அந்த மரையை அறிந்த மரபில் வந்தவர்கள் இங்கே வந்து அதே விலங்கைத் துரைக்காக வளைத்து ஓட்டினார்கள், அவர் கொன்றதைச் சுமந்தார்கள். தாங்கள் கும்பிடுவதற்கு மாரியம்மனையும் முனியாண்டியையும், வேலைக்குக் காவலாகக் கவ்வாத்துச் சாமியையும் ரோதை முனியையும் மலையில் ஏற்றினார்கள். அந்தச் சாமிகளின் கல்லில் கொம்பு மாட்டியதில்லை.

கோப்பியின் வீழ்ச்சியும் இந்த மலையில்தான் தொடங்கியது. இலங்கையில் கோப்பி இலைத்துரு முதன்முதல் கண்ணில் பட்டது 1869இல், பதுளை மாவட்டத்து மடூல்சீமையில். சில ஆண்டுகளில் தோட்டங்கள் ஒன்றொன்றாக ஓய்ந்தன, அவற்றின் இடத்தில் தேயிலை எழுந்தது. தேயிலைக்குக் கோப்பியைவிட உயரத்திலும் காடு அழிந்தது. மரை சமவெளியின் விளிம்புக்கு ஒதுங்கியது. வேட்டையாடியவர்களே இதை முதலில் உணர்ந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1894இல் இலங்கை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் உருவானபோது அதில் முன்னின்றவர்கள் தோட்டத்துரைமார். இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மூலம் அது. அவர்களில் தோமஸ் ஃபார் ஹோட்டன் சமவெளியில் தங்குமடம் கட்டிய வேட்டைப் பிரியர். அவரே மரையைக் காப்பாற்ற வேண்டும் என்று வாதாடியவரும் ஆனார். அந்த மடம் ஃபார் இன் என்ற பெயரோடு இப்போது பூங்காவின் பார்வையாளர் நிலையமாக இருக்கிறது. அவரை நான் மதிக்கிறேன். தன் கை செய்ததைத் தானே பார்த்து நிறுத்தியவர்கள் அந்தத் தலைமுறையில் அதிகம் இல்லை.

கொம்பு சுவருக்கு மட்டும் போகவில்லை. மரைக்கொம்பு உள்ளே பஞ்சு குறைந்து கட்டியாக இருப்பதால் கத்திப்பிடிக்கு மிக உகந்தது. பிடித்தால் வழுக்காது, ஈரத்தில் ஊதாது. கண்டிச் சீமைக் கைவினைஞர்கள் கொம்பிலும் தந்தத்திலும் எழுத்தாணிக் கத்திக்குப் பிடி செதுக்கிய திறத்தை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தம் சிங்களக் கலை நூலில் பதிவு செய்தார். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொம்பு மூட்டை மூட்டையாகக் கப்பலேறி ஆங்கிலக் கத்திப் பட்டறைகளுக்குப் போனது. சித்த வைத்தியத்தில் மான்கொம்பைப் புடமிட்டுச் செய்யும் பற்பம் நெஞ்சு நோவுக்கும் இருமலுக்கும் கொடுக்கப்பட்டது. கல்லில் உரைத்துப் பற்றுப் போடுவதும் உண்டு. இந்த இரண்டு பயனுக்கும் உதிர்ந்த கொம்பே போதும். ஆனால் வாங்குகிறவன் உதிர்ந்ததா, கொன்றதா என்று கேட்பதில்லை. உதிர்ந்தது என்ற பெயரில் கொன்றதும் சந்தைக்கு வந்தது. அதனால்தான் இந்தியா 1990களின் இறுதியில் உதிர்ந்த கொம்பின் ஏற்றுமதியையும் நிறுத்தியது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மரைக்குக் காவலானது. ஹோட்டன் சமவெளி 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. ஒஹிய நிலையத்தில் இறங்கி மேலே ஏறுகிறவர்கள் இன்று மாலை வேளையில் மரைக்கூட்டத்தைக் காண முடிகிறது. வேட்டை முற்றாக ஓயவில்லை. தோட்டத்து ஓரங்களில் பன்றிக்கும் மரைக்கும் வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தைகளும் மாட்டிச் சாகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்படி மாட்டிய கருஞ்சிறுத்தை செத்துப் போனது.

பங்களாக்களுக்கு வருவோம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் போனபோது சிலர் தங்கள் கொம்புகளைப் பெட்டியில் கட்டிக் கொண்டுபோனார்கள், சிலர் விட்டுப் போனார்கள். 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. பங்களாக்களில் சில இன்று உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிகள். கொம்பு அங்கே பழைமையின் அழகாக விளக்கொளியில் நிற்கிறது. அதைக் கழற்றி எறிய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எறிந்தால் சாட்சியும் போய்விடும். கொம்பின் கீழே ஓர் அட்டை வைக்கலாம். அது மரை என்பதை எழுதலாம். எந்தக் காட்டில், ஏறத்தாழ எந்தக் காலத்தில் கொல்லப்பட்டது என்பதைத் தோட்டத்துப் பதிவுகளில் தேடி எழுதலாம். சுட்டவர் பெயர் பட்டயத்தில் இருக்கிறது. அந்த நாளில் நாயைப் பிடித்தவர், வளைத்து ஓட்டியவர், தூக்கி வந்தவர், தலையை வேகவைத்தவர் யார் என்பதையும் சேர்க்கலாம். கம்பளையில் பழைய தேயிலைத் தோட்டத்தின் லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இயங்குகிறது. கவ்வாத்துக் கத்திக்கும் கொழுந்துக் கூடைக்கும் பக்கத்தில் ஒரு சோடி மரைக்கொம்புக்கும் அங்கே இடம் இருக்க வேண்டும்.

பெயர்கள் கிடைக்குமா என்று கேட்பீர்கள். தோட்டத்தில் ஆள் பதிந்த பிரட்டுப் புத்தகங்கள் பல செல்லரித்துவிட்டன. ஆனால் பங்களாவில் அப்புவாகவும் வாச்சராகவும் இருந்தவர்களின் பிள்ளைகள் பசறையிலும் லுணுகலையிலும் மடூல்சீமையிலும் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். துரை வேட்டைக்குப் போன நாட்களைத் தாத்தா எப்படிச் சொன்னார், எந்த ஓடையில் மரை மடங்கியது, யார் கால் வழுக்கி விழுந்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். போய் உட்கார்ந்து கேட்கிற ஆள்தான் வேண்டும். மாணவர்களை அனுப்பினால் ஒரு விடுமுறைக் காலத்திலேயே பாதிக் கதையை எழுதி எடுத்துவிடலாம்.